ஏரிக்கரை வேடியப்பன் நடுகல் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், வெளியூரிலிருந்து நிதி அனுப்பிய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஏரிக்கரை வேடியப்பன் கல்லின் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. சாய்ந்திருந்த கல் நிமிர்ந்துவிட்டது, மேலே கூரை வந்துவிட்டது, எழுத்தும் தெரிகிறது. என்ன செய்தோம், சிலர் கேட்டும் எதைச் செய்யவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

முதலில் இளைய பிள்ளைகளுக்காக ஒன்று. நாம் பொங்கல் வைத்துக் கும்பிடும் வேடியப்பன், இந்த மண்ணில் சண்டையிட்டு இறந்த ஒரு மனிதர். இடக்கையில் வில், வலக்கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு என்று அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், தண்டராம்பட்டு பக்கம் இப்படிப் பல ஊர்களில் கல் நிற்கிறது. அன்றைக்குச் சொத்து என்றால் மாடுதான். பகை என்று வந்தால் முதலில் மந்தையைத்தான் ஓட்டிப் போவார்கள். கல்வெட்டில் அந்த மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். கவர்ந்து போவதை வெட்சி என்றும் மீட்கப் போவதைக் கரந்தை என்றும் இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். மீட்கப் போய் உயிர்விட்டவருக்கு ஊர் கல் நட்டது.

நம் மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லை ஒருமுறை எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. எருமைகளுக்காகச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்கள் இன்னும் பழையவை. தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் உள்ள அவற்றைக் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதிலும் ஒன்று மாடு பிடித்த சண்டையில் இறந்தவனுடையதுதான். ராஜாவின் வெற்றியைப் பாட, கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தி இருக்கிறது. மாட்டுக்காரனின் சாவைச் சொல்ல இந்தக் கற்களை விட்டால் வேறென்ன இருக்கிறது? நம் ஊரின் போர் நினைவுச்சின்னம் இது. குழு அப்படி நினைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்தது.

கல்லைச் சுற்றி முன்பு போட்டிருந்த சிமெண்டுத் தளம் கடைசி வரி எழுத்தை மூடியிருந்தது. ஈரத்தையும் வெளியே விடவில்லை. அதைச் சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, அதற்கு மேல் எனாமல் பெயிண்ட் என்று உருவமே மறைந்திருந்தது. மணல் வீச்சு இயந்திரம் வைத்தால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்றார்கள். கறையோடு எழுத்தும் போய்விடும் என்பதால் ஒத்துக்கொள்ளவில்லை. மூங்கில் குச்சி, மென்மையான பிரஷ், நல்ல தண்ணீர், பொறுமை, இவ்வளவுதான். இதிலேயே நாள் நிறையப் போனது, தாமதத்துக்குக் காரணமும் அதுதான்.

கல் வெளுத்ததும் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களை அழைத்தோம். ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி, படி எடுத்தார்கள். தமிழை எழுதிய பழைய எழுத்து முறையான வட்டெழுத்து அது. ‘தொறு’, ‘பட்டான்’ (இறந்தான்), ‘கல்’ ஆகிய சொற்கள் தெளிவாக இருக்கின்றன. பெயர் இருந்த இடம் பொரிந்துபோய்விட்டது. அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒரு பெயரைப் போடலாம் என்ற யோசனை வந்தது. அவருடையதல்லாத பெயரை அவர் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை. படித்தது மட்டுமே பலகையில் இருக்கிறது.

நிமிர்த்தி நட்ட நாளை வந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் முறை சொல்கிறது. நாமும் ஏரித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதே குழியில், சுண்ணாம்புச் சாந்தும் சரளையும் இட்டு நட்டு, படையல் போட்டோம். கோபுரம் கட்ட வேண்டும், டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் மனசு புரிகிறது. ஆனால் வெட்டவெளியில் ஏரியைப் பார்த்து நிற்க வைத்தார்கள், அப்படியே நிற்கட்டும். மழைக்கு நாலு கல்தூணும் ஓட்டுக் கூரையும் போதும்.

நிதியில் பெரும்பகுதி தூணுக்கும் கூரைக்கும் போனது. பட்டாளத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்காமலேயே பணம் அனுப்பினார்கள், அவர்களுக்குத் தனி நன்றி. ரசீதுகளோடு வரவு செலவுக் கணக்கு ஊர்ப் பொது மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. மீதி, பராமரிப்புக்காக வங்கியில் உள்ளது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கல்லின் மேல் எண்ணெய், பால், மஞ்சள் ஊற்ற வேண்டாம். விளக்கு ஏற்ற, கல்லுக்குப் பக்கத்தில் தனி மாடம் கட்டியிருக்கிறோம். மாலையும் பூவும் வைக்கலாம். மாட்டுப் பொங்கலன்று மாடுகளை ஓட்டிவந்து நிறுத்தும் வழக்கம் எப்போதும் போல நடக்கும். மைப்படியின் ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் பராமரிப்புக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் முன்கூட்டியே குழுவிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்