‘கோரல்’ என்றால் எந்த நிறம், ஐயா?

கும்பகோணம் பக்கம் வந்து பட்டு எடுக்கும் ஜவுளிக்கடை முதலாளிகளுக்குத் தறிக்காரன் ஒருவனின் வணக்கம்.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுத்த புடவைகள் திரும்பி வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆர்டர் சீட்டில் நிறத்துக்கு இருந்தது ஒரே சொல், ‘கோரல்’. அப்படியென்றால் பவளம் என்று மகள் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். என் மனைவியின் தாலிச்சரட்டில் கோத்த பவள மணியை சாயக்காரரும் நானும் வெயிலில் வைத்துப் பார்த்து, அதே சிவப்பைப் பட்டில் ஏற்றினோம். ஒரு பாவு, மூன்று புடவை, வீட்டில் இரண்டு பேருக்கு ஒன்றரை மாத வேலை. பிரித்துப் பார்த்த கடைக்காரர், “இது ரெட்டுங்க, கோரல் இல்ல” என்று மடித்துக் கொடுத்துவிட்டார். போனில் அவர் காட்டியது, பவழமல்லிக் காம்பில் பாலைக் கலந்தாற்போல் வெளிறிய ஒரு நிறம்.

ஆங்கிலத்தில் அதுதான் கோரலாம். நமக்குப் பவளம் என்றால் சிவப்பு. தில்லையில் அப்பர் ‘பவளம்போல் மேனியில் பால்வெண்ணீறும்’ என்று பாடியது செம்மேனியை. பவளம் ‘பிரவாளம்’ என்ற வடசொல்லோடு உறவுள்ளது. துகிர் என்றும் நமக்கு ஒரு பழைய சொல் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த சரக்குகளில் ‘குணகடல் துகிரும்’ இருந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது. கல் என்கிறோமே தவிர, கடலடியில் சின்ன உயிர்கள் கட்டிய கூடுதான் அது. அந்தச் சரக்கு வந்திறங்கிய ஊர் இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்.

நிறத்தைத் தமிழில் எழுதுங்கள், கூடவே அந்த நிறத்தில் ஒரு துண்டு நூலை ஒட்டுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

மரகதப் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு என்று சொன்னால் எங்கள் சாயக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முக்குவார். இப்போது வரும் சீட்டுகளில் எமரால்டு, ஆலிவ், டீல். புரியாத சொல்லுக்கு நாங்கள் அர்த்தம் தேட வேண்டும், தப்பினால் நஷ்டமும் எங்களுக்கு. இது நியாயமா?

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ஆர்டர் எழுதும் நேரம். தயவுசெய்து பெயரைத் தமிழில் எழுதி, விரல் நீளத்துக்காவது நூலை ஒட்டி அனுப்புங்கள். அந்த மூன்று புடவையும் பீரோவில்தான் இருக்கின்றன. பவளச் சிவப்பு வேண்டும் என்பவர்கள் வந்து பார்க்கலாம்.