விழாக் கமிட்டிக்கு ஒரு மடல்: டிரிப்பர் மேல் கை வைக்காதீர்கள்

எங்கள் தெரு அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர் அண்ணன், செயலாளர், பொருளாளர், லைட் செட் பொறுப்பை எடுத்துக்கொண்ட தம்பிகள் அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாசிப் பொங்கல் முடிந்து முளைப்பாரியும் கரைத்தாகிவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி மழையும், சீரியல் செட் அணைந்து அணைந்து எரிந்ததும், மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். "விடுங்கண்ணே, சாமி காரியம்" என்றீர்கள். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

கொக்கி போடாதீர்கள், என் வீட்டிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது நான்தான். முறைப்படி தற்காலிக இணைப்புக்கு மனுப் போட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது என் தப்பு. ஆனால் அன்று மேலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் வேலைக்குப் போயிருந்த நான் திரும்புவதற்குள், என் மெயின் போர்டைத் திறந்து, கரண்ட் ஒழுகினால் தானாக அணைத்துவிடும் டிரிப்பரில் இருந்த வயர்களைக் கழற்றி 'டைரக்ட்' கொடுத்தது யார்? ஏழு தடவை விழுந்ததாம். எட்டாவது தடவை விழாதபடி 'சரி' பண்ணிவிட்டாராம். ராத்திரி வந்து பார்த்தபோது தெருவே ஜெகஜோதியாக இருந்தது. நானும் சந்தோஷமாகப் படுத்துவிட்டேன்.

விடியக்காலையில் என் மனைவி வாசல் தெளிக்கப் போனாள். வெறுங்கால், ஈரத்தரை. ஒரு கையில் வாளி, மறு கையில் கோலப்பொடி டப்பா. கேட்டைப் புறங்கையால்தான் தள்ளினாள். வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடினேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கோலப்பொடி முழுக்க மடியில். "கேட்டு கடிச்சிருச்சுங்க" என்றாள். டப்பா இல்லாமல் அந்தக் கம்பியை விரல் மடக்கிப் பிடித்திருந்தால் கை விட்டிருக்காது. கரண்ட் பாய்ந்தால் தசை இறுகி, பிடித்த பிடி பிடித்தபடியே நிற்கும். முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். அன்று டெஸ்டரைப் பிடித்த என் கை நடுங்கியது.

"எம்சிபி இருந்துச்சேண்ணே" என்று ஒரு தம்பி கேட்டார். எம்சிபி வயரைக் காப்பாற்ற இருக்கிறது தம்பி, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். ஆளைக் காப்பாற்றும் டிரிப்பர், அதாவது ஆர்சிசிபி, போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் எங்காவது ஒழுகினால் போதும், அணைத்துவிடும். 16 ஆம்பியரில் ஏறக்குறைய ஐநூறில் ஒரு பங்கு அது. ஏழு தடவையும் அது உண்மையைத்தான் சொன்னது. நீங்கள் அதன் வாயைக் கட்டினீர்கள்.

என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. டிரிப்பரைத் திரும்ப மாட்டினேன், எல்லா பிளக்கையும் பிடுங்கினேன், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஆர்ச் லைட்டுக்கு டிரிப்பர் விழவில்லை, டியூப் லைட்டுக்கும் விழவில்லை, மூன்றாவது சீரியல் லைனைச் செருகியதும் 'டப்'. அந்த லைனின் ஜாயிண்ட் என் கேட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மேலே சுற்றிய டேப் பசை விட்டு வாழைத்தோல் மாதிரி உரிந்து கிடந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. உதறினேன், தண்ணீர் சொட்டியது. வயர்களைச் சேர்த்து முறுக்கி, அதற்கும் கேட்டுக்கும் நடுவே, கரண்ட் ஒழுக வழி இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் மீட்டரை வைத்தேன். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை, தடுப்பே இல்லை என்று அர்த்தம்.

மத்தியானம் வெயில் அடித்தால் இதே ஜாயிண்ட் காய்ந்து ஒழுங்காக எரியும். 'சரியாயிருச்சு' என்று நாமும் நம்புவோம். சாயங்காலம் மழை வந்தால் பழைய கதைதான். சில சமயம் லைன்களைத் தனித்தனியாகப் போட்டால் டிரிப்பர் விழாது, சேர்த்துப் போட்டால் விழும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகி மொத்தமாகச் சேர்கிறது என்று அர்த்தம். அப்போதும் ஈர ஜாயிண்டுகளைத்தான் தேட வேண்டும். டிரிப்பரைக் கழற்றுவது அதற்கு வைத்தியம் இல்லை.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் செத்தார்கள். அது வேறு, இது வேறு என்பீர்கள். ஆனால் அன்று டீக்கடையில் கமிட்டிகளைத் திட்டித் தீர்த்தது நாம்தானே? நம் கணக்கையும் பார்ப்போம். உபயதாரர் பெயருக்குப் பத்தடி சீரியல் போர்டு, தலைவருக்கு ஒரு பேனர், செயலாளருக்கு ஒரு பேனர், காலை ஐந்து மணிக்கே தெருவை எழுப்பும் குழாய் ஸ்பீக்கர் நாலு. எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. சில ஆயிரம் ரூபாய் டிரிப்பருக்கு மட்டும் உபயதாரர் கிடைக்கவில்லை. வேண்டுமானால் அதன் மேலேயும் ஒரு பெயரை எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான். திருக்கார்த்திகை வருகிறது, மழையும் கூடவே வரும். அப்புறம் டிசம்பரில் இதே செட் சர்ச் தெருவுக்கு ஸ்டார் கட்டப் போகும். தயவுசெய்து டிரிப்பர் விழுந்தால் கழற்றாதீர்கள். லைன்கள் தொடங்கும் இடத்தில் கமிட்டிக்கென்று சொந்தமாக ஒரு 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் வையுங்கள். ஜாயிண்டை இரும்புக் கேட்டிலும் கம்பத்திலும் கட்டாமல், ஆள் உயரத்துக்கு மேலே மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் மாட்டுகிற மலிவு செட்டை மழையில் கட்டாதீர்கள். அட்டைப்பெட்டியில், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான ஐபி 44 குறியீடு அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கார்த்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெக்கரோடு நானே வருகிறேன், கூலி வேண்டாம். தம்பிகள் இரண்டு பேர் ஏணி பிடித்தால் போதும். இந்தத் தடவையும் என் வீட்டிலிருந்து லைன் வேண்டும் என்றால் நான் இருக்கும்போது வந்து கேளுங்கள். மெயின் போர்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சாவி என் மனைவியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாவது லைன் கட்டியிருந்த வீட்டுக்காரன்