ஐந்தாவது பாட்டில் உன் வயலின் இருக்கிறது

அன்புள்ள உனக்கு,

நம் மெட்டல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. உன் வயலினை எடுத்துவிடப் போகிறேன் என்று நான் சொன்னதாகக் கேள்விப்பட்டிருப்பாய். சொன்னேன்தான். எடுக்கவில்லை.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த ஷாண்டிதான், மாலுமிகளின் வேலைப்பாட்டு. பாய்மரக் கப்பலில் ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் பதில் வரி பாடி, அழுத்தம் விழுகிற இடத்தில் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். அதைப் போய் நான் ஏழு-எட்டுத் தாளத்தில் போட்டிருந்தேன். நீ வில்லை வைத்துவிட்டு எழுந்து, இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டினாய். தகிட தகதிமி, தகிட தகதிமி. "ஒரு இழுப்பு குட்டை, ஒரு இழுப்பு நீளம். இந்தக் கப்பலில் பாய் ஏறவே ஏறாது." எல்லோரும் சிரித்தார்கள். "இங்கே யார் கயிறு இழுக்கிறார்கள்?" என்றேன். நீ வில்லின் திருகைத் தளர்த்தினாய். தந்திகளில் படிந்த ரோசின் பொடியைத் துணியால் துடைத்தாய், ஒவ்வொரு தந்தியாக. அந்த நிதானம் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மிக்ஸில் உன் வயலின் காதில் விழவே இல்லை என்று நீ சொன்னது பொய்யில்லை. வயலினின் அடித்தந்தி 196 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரக்கும் கிட்டார் அந்த இடத்தையும் அதற்கு மேலேயும் அடைத்துக்கொள்ளும். ஃபேடரைத் தள்ளி உன் சத்தத்தை ஏற்றினால் மட்டும் தீராது, கிட்டார் ஒதுங்க வேண்டும். மன்னிப்பு கேட்கலாம்தான். ஆனால் மெட்டல் ஆல்பத்தில் கிட்டாரைக் குறை என்றால் யார்தான் முறைக்கமாட்டார்கள்?

இப்போது பதில் வரிகளில் ஒரு கிட்டார்தான். தாளம் ஆறு-எட்டு; புயல் பகுதியில்தான் ஏழு வருகிறது. நீ சொன்னதற்காக அல்ல. சரி, நீ சொன்னதற்காகத்தான்.

வயலினோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டாகப் போடலாம் என்றார்கள். தி ஓஷன் என்ற மெட்டல் குழு 2013-இல் 'பெலாஜியல்' ஆல்பத்தை அப்படித்தான் பாட்டோடும் பாட்டில்லாமலும் வெளியிட்டது. அங்கே பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போய், தேறி வந்து பாடினார். நீ பாதியில் கிளம்பிப் போனவள்.

பணக் கணக்கை இங்கே எழுதமாட்டேன். நம் இருவரையும் தெரிந்தவர்கள் படிப்பார்கள். அட்டையில் வயலினுக்கு எதிரே உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

மேடையில் வேறொருவர் வாசிக்கிறார், நன்றாகவே. ஷாண்டிக்கு அடியில் நீ இழுத்துப் பிடிக்கும் அந்த ஒற்றைச் சுரம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. வில்லை எங்கே வைப்பாய், எவ்வளவு அழுத்துவாய் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வர வேண்டாம்.