படத்தின் பின்பக்கமும் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன் ஊரின் பழைய கட்டடங்களையும் நகராட்சி விழாக்களையும் ஆயுசு முழுக்கப் படமெடுத்து வைத்த புகைப்படக்காரரைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவருடைய படப் பெட்டிகளைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. படங்களுக்குக் கீழே 'பழைய நகராட்சிக் கட்டடம்', 'விழாக் காட்சி' என்று மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள். எந்த விழா, எந்த வருஷம், மாலை போடுகிறவர் யார், ஒன்றும் இல்லை.

என் பெரியப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் போன பிறகு பெட்டிகளைப் பிரித்தபோது ஒரு திறப்பு விழாப் படம் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடது பக்கத் தூணில் சாரக் கயிறு இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்குகிறது, மேலே மணிக்கூண்டில் கடிகார வட்டம் இருக்கிறது, முள் இல்லை. அதாவது கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். இதை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. முன்வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் ஒரு பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்து ஆறு பேரின் பெயரை மடமடவென்று சொன்னார். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவர் இன்று இல்லை, எனக்கு நினைவிருப்பது இரண்டே பெயர். அந்தத் தவறை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பாரிஸின் பழைய தெருக்களை முப்பது வருஷம் போல சுற்றிச் சுற்றிப் படமெடுத்த யூஜின் அட்ஜேயைப் பாருங்கள். ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதிகிற 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் கனமான கேமராவையும் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர், ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போட்டார், பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் இடத்தின் பெயரையும் எழுதினார். 1927-ல் அவர் இறந்த பிறகு மிச்சமிருந்ததைப் பெரனிஸ் அபட் என்ற புகைப்படக்காரர் வாங்கிக் காப்பாற்றினார், 1968-ல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அபட் இல்லையென்றால் அது என்ன ஆகியிருக்குமோ. அந்த எண்ணும் பென்சில் எழுத்தும் இருப்பதால்தான் எது எந்தத் தெரு, எந்த வாசல் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

ஸ்கேன் செய்துவிட்டோம், இனி நெகட்டிவ் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும், அப்போது மூலம் வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் போய்விடும். அசிட்டேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அதனால் உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும், முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதைத்தான். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். பிரிண்டின் பின்பக்கம் எழுத பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில், போதும்.

இதெல்லாம் செய்ய இன்னும் நேரமிருக்கிறது. முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்குத்தான் நேரமில்லை. கட்டடத்தின் வயதைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார், ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போகிற பெண் யார் என்று அந்தத் தெருக்காரர்தான் சொல்ல முடியும். ஒருவர் சொல்லும் பெயரை இன்னொருவர் மறுக்கலாம். சரி, இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதோடு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரம் ஒரு படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போடுங்கள், ஒவ்வொரு தலைக்கும் எண் கொடுங்கள், தெரிந்தவர்கள் எழுதட்டும். வருகிற கடிதங்களை அப்படியே அந்தப் புகைப்படக்காரரின் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். கட்டுரையின் இரண்டாவது படத்திலிருந்து ஆரம்பிக்கலாம், அதில் முகங்கள் தெளிவாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்