கேட்டுவிட்டு உட்கார், கண்ணா

கண்ணா,

நீ ராத்திரி எழுதியதைப் படித்தேன். விடியற்காலையில் எழுந்து தியானத்தில் உட்கார்ந்தும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது, எனக்கு இதற்கெல்லாம் கொடுப்பினை இல்லை போல என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதே. நான் கேட்பது ஒன்றுதான், உட்காருவதற்கு முன்னால் முருகனிடம் உதவி கேட்டாயா?

போன தடவை டெல்லிக்கு வந்திருந்தபோது நீ தியானம் பண்ணுவதைக் கவனித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, புருவம் சுருங்கி, தோள் இரண்டும் விறைத்துப்போய்... பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீ படிக்கிற யோக சூத்திரத்திலேயே முதல் பாதத்தில் 23-வது சூத்திரத்தை எடுத்துப் பார், ஈஸ்வரப் பிரணிதானத்தாலும், அதாவது இறைவனிடம் தன்னை ஒப்படைப்பதாலும், சமாதி கைகூடும் என்று பதஞ்சலி சொல்கிறார். இரண்டாம் பாதம் தொடங்குவதே தவம், ஸ்வாத்யாயம் (சாஸ்திரம் ஓதிப் படிப்பது), ஈஸ்வரப் பிரணிதானம் மூன்றும் சேர்ந்ததுதான் கிரியா யோகம் என்றுதான். முதல் இரண்டையும் விடாமல் செய்கிறாய், அப்புறம் மூன்றாவது மட்டும் ஏன் உனக்குக் கோழைத்தனமாகத் தெரிகிறது? "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்றார் மாணிக்கவாசகர். அவரே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்!

இங்கே ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலில் பெரிய எழுத்தில் "யாமிருக்க பயமேன்" என்று இருக்குமே, நீ எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கப் பழகியதே அதைப் பார்த்துத்தான். போன கிருத்திகைக்கு அங்கே ஒரு பாட்டியைப் பார்த்தேன். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் "முருகா, தூக்கிவிடுப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏறினார். சுற்றி யார் இருக்கிறார்கள், என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமே கிடையாது. ஏறியதென்னவோ அவர் கால்தான், ஆனால் தன் காலை மட்டும் நம்பி அவர் ஏறவில்லை.

அதனால் நாளைக்குக் காலையில் விபூதி இட்டுக்கொண்டு, கண்ணை மூடுவதற்கு முன்னால், என்னால் முடியவில்லை முருகா, நீ பார்த்துக்கொள் என்று வாய்திறந்து சொல். தமிழிலேயே சொல், ஸ்லோகம் எதுவும் வேண்டாம். மனசு அலைந்தால் அலையட்டும், அலைகிறதே என்பதையும் அவனிடமே சொல். சொல்லிவிட்டு வழக்கம்போல உட்கார், பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

விபூதி தீர்ந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல், சித்தி அடுத்த மாதம் அங்கே வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா