காவேரிப்பாக்கத்துக்கு வரலாறு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை ஊர்களைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். காஞ்சிபுரத்துக்கு ஒரு பக்கம், ஆற்காட்டுக்குப் பிரியாணியோடு சேர்த்து முக்கால் பக்கம். எங்கள் ஊருக்கு ஒரே வரி. "வேலூர் மாவட்டம் காவேரிப்பாக்கம், பெரிதாக வரலாறு எதுவும் இல்லாத சிற்றூர், டீ குடிக்க நிறுத்தலாம்." காலையில் படித்தவனுக்கு மதியம் வரைக்கும் சோறு இறங்கவில்லை. 35 வருடமாக உங்கள் பேப்பரைத்தான் வாங்குகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் மாவட்டம். நாங்கள் வேலூர் மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பர் 28-ம் தேதியே ராணிப்பேட்டை மாவட்டம் வந்துவிட்டது, அந்தச் செய்தியை உங்கள் பேப்பரில்தான் நான் படித்தேன். என் வீட்டுப் பீரோவைத் திறந்தால் அப்பாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம், தம்பி கல்யாணப் பத்திரிகையில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மகளின் சான்றிதழில் வேலூர் மாவட்டம், பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் ராணிப்பேட்டை மாவட்டம். அதற்கும் முன்னால், 1911-க்கு முன்பு, வட ஆற்காட்டுக் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் சித்தூருக்குப் போக வேண்டும். வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே இத்தனை மாவட்டம் பார்த்துவிட்டோம். அதுவே ஒரு வரலாறுதானே ஐயா.

சரி, வரலாறு என்றுதானே கேட்டார் உங்கள் கட்டுரையாளர். எங்கள் ஊர் கல்வெட்டில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா தன் பட்டத்தையே கொடுத்த ஊர் இது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் காவேரிப்பாக்கத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. ராஷ்டிரகூடர் சாயல் உள்ளவை என்று படித்தவர்கள் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பேத்தியைக் கூட்டிப்போனபோது ஒரு சிலைக்குக் கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இது நம்ம ஊரு" என்று கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு பேப்பருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

1752 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் படையும், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படையும் மோதியது எங்கள் ஊரில்தான். ராஜா சாகிப்புக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிகளை ஒரு மாந்தோப்புக்குள் மறைத்து வைத்துச் சுட்டார்கள், நிலா வெளிச்சத்தில் தோப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் அந்தப் பீரங்கிகளைப் பிடித்ததால்தான் கிளைவ் பிழைத்தார். உங்கள் பேப்பரில் சில வருடம் முன்பு கிளைவைப் பற்றி ஒரு தொடர் வந்தது. அதில் ஆற்காடு முற்றுகை நான்கு வாரம் ஓடியது, காவேரிப்பாக்கம் ஒரு வாரம்கூட வரவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

ஆனால் ராஜாவும் கிளைவும் இல்லாமல் போனாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஏரியை விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏறக்குறைய 4,000 ஏக்கர், முழுக்கொள்ளளவு 30 அடிக்கு மேல், பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டில் திருப்பிவிடும் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்புகிறது. நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் கரையைப் பார்த்து ஏதோ மண்மேடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் தாத்தா நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவராக இருந்தவர். மதகுப் படியில் உட்கார்ந்து எந்தக் கல் வரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்த்து, இந்த வருடம் எத்தனை போகம் என்று சொல்லிவிடுவார். ஏழு வயதில் என் கையைப் பிடித்து அந்தக் கல்லில் வைத்து, பாசி பிடித்த இடத்தையும் காய்ந்த இடத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்த வழவழப்பு இன்னும் விரலில் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது ஏரி நிரம்பிக் கோடி போனது, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடியது. ராத்திரி கரண்ட் இல்லை, தெருவில் எல்லோரும் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் அம்மா அப்போது படுக்கையில் இருந்தார், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே தூங்கினார். கோடி போன தண்ணீர் எங்கே போகிறது? கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பூண்டி ஏரிக்கு, பூண்டியிலிருந்து சென்னைக்கு. தங்கள் அலுவலகத்துக் குழாயில் வருவதில் எங்கள் ஊர்த் தண்ணீரும் இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு டீக்கடை மட்டும்தான் கண்ணில் பட்டது என்றால் மனசு வலிக்காதா?

மக்கள் தொகை என்று பெட்டிச் செய்தியில் உங்கள் கட்டுரையாளர் ஓர் எண் போட்டிருந்தார். அது 2011 கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது, அது அவர் குற்றமில்லை. ஆனால் "இன்றைய மக்கள் தொகை" என்று ஏன் எழுத வேண்டும்? 2011-ல் எங்கள் தெருவில் 14 வீடு, இப்போது 31. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். குடிதண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் தலைக்கணக்கை வைத்துத்தானே வருகிறது. பழைய எண்ணையே பேப்பரும் திரும்பத் திரும்பப் போட்டால், எங்கள் ஊரில் இவ்வளவு பேர்தான் என்று மேலே இருப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போவதும் இந்த நினைப்பினால்தான். போன மாசம் என் மகள் குழந்தையோடு இருட்டில் நடந்து வந்தாள். நடத்துநரிடம் கேட்டதற்கு, "இங்க யார் இறங்கப் போறாங்க" என்றாராம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வருவதற்கு முன்னால் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். நாற்பது நிமிடம் இதையெல்லாம் சொன்னேன், ஏரிக்கரைக்கு வந்தால் கூடவே வருகிறேன் என்றேன். பக்கத்தில் திருப்பாற்கடல் பெருமாள் கோயில், கொஞ்சம் தள்ளி மகேந்திரவர்மன் குடைந்த மகேந்திரவாடிக் குகைக்கோயில் எல்லாம் காட்டுகிறேன் என்றேன். "கண்டிப்பா சார்" என்றார். வரவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூட அச்சில் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில், திருத்தம் என்று தலைப்புப் போட்டு, காவேரிப்பாக்கம் ராணிப்பேட்டை மாவட்டம் என்றும், அங்கே பல்லவர் காலத்து ஏரி இருக்கிறது என்றும் இரண்டு வரி போடுங்கள். முடிந்தால் ஏரியின் படம் ஒன்று. மழை முடிகிற சமயத்தில் ஆளை அனுப்பினால் மதகுப் படி வரைக்கும் நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காவேரிப்பாக்கம், ராணிப்பேட்டை மாவட்டம்.