ஸ்மார்ட் ஆடைத் தையலுக்கு ஐ.டி.ஐ.யில் கூட்டுப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
பின்னலாடை உற்பத்தியாளர்கள், தையல் பயிற்றுநர்கள்,
திருப்பூர்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, சென்னை.

பொருள்: தையல், எலக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவர்களுக்கு ஸ்மார்ட் ஆடைக் கூட்டுப் பயிற்சி தொடங்கக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதயத்துடிப்பைப் பதியும் பனியன் போன்ற ஸ்மார்ட் ஆடைக்கு சென்சாரும் பேட்டரியும் கடையில் கிடைக்கும். அவற்றை இணைக்கும் மின்தடத்தைத் துணியில்தான் தைத்தாக வேண்டும். பழுதும் அங்கேதான் தொடங்குகிறது.

மின்சாரம் கடத்துவதற்காக வெள்ளி பூசிய நைலான் நூலை ஊசியில் கோத்தால், தையலில் இறங்குமுன் அது ஊசிக்கண்ணில் பலமுறை உரசிப் பூச்சு உதிர்கிறது, மின்தடை ஏறுகிறது. அந்த நூலை இயந்திரத்தின் அடிநூல் உருளையான பாபினில் சுற்றி, மேலே சாதாரண பாலியெஸ்டர் நூலை ஓட்ட வேண்டும். இழுபடும் பனியன் துணியில் நேர்த்தையல் அறுந்துபோகும். ஜிக்ஜாக் போட வேண்டும். ஒட்ட வெட்டாத நூல்முனை பக்கத்துத் தடத்தைத் தொட்டாலே ஷார்ட் சர்க்யூட். சூடாக்கி உலோகத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வைக்கலாம் என்றால், வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் நைலான் உருகிவிடும். அதனால் பிரஸ் பட்டன் அல்லது உலோகத் துண்டை நூல்மேல் அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் இணைப்புதான் வழி.

நூலின் போக்கு தையல் மாணவருக்குத் தெரியும், மின்தடையின் கணக்கு எலக்ட்ரானிக்ஸ் மாணவருக்குத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பு, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஈராண்டு. எனவே இரண்டுக்கும் பொதுவாக வரும் முதலாண்டின் பிற்பாதியில் பயிற்சியை வைப்பதே பொருந்தும்.

இரு பிரிவுகளும் உள்ள ஓர் அரசு ஐ.டி.ஐ.யை இம்மாவட்டத்திலோ கோவையிலோ தேர்ந்து, பிரிவுக்கு 10 பேர் வீதம் 20 பேருக்கு 120 மணி நேரப் பயிற்சி தொடங்க வேண்டுகிறோம். ஐந்து ஜிக்ஜாக் இயந்திரங்கள், பத்து மல்டிமீட்டர்கள், குறைந்த மின்தடையை அளக்க ஒரு மில்லிஓம் மீட்டர், ஒரு வாஷிங் மெஷின் போதும். கடைசியாகச் சொன்னது ஆடம்பரமாகத் தோன்றலாம்; ஆனால் துவைத்துப் பார்க்காத தடத்தை நம்பி எவரும் ஆர்டர் தரமாட்டார்கள். தேர்வும் அப்படியே இருக்கட்டும்: 30 செ.மீ. தடத்தை இருவர் சேர்ந்து தைத்து, 10 முறை துவைத்து, ஒவ்வொரு முறையும் மின்தடையை அளந்து பதிய வேண்டும். குளோரின் பிளீச் வெள்ளியைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

2020-இல் ரூ.1,480 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தில் கல்வி, திறன் பயிற்சிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அதில் நிதி கோரித் துறை வழியே முன்மொழிவு அனுப்பவும், பயிற்றுநர்களுக்குக் கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தில் (சிட்ரா) முன்பயிற்சி ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறோம். முதல் குழுவுக்கான நூலும் துணியும் எங்கள் செலவு. பாடவேளை வரைவு இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
மேற்கண்ட மனுதாரர்கள்